கன்ட்ரி இசை யார் வீட்டுச் சொத்து?

மாடிவீட்டு ரேடியோ:

வேறொரு திரியில் ஒருவர் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போனார்: "பியான்சே பாடினால் அது கன்ட்ரி ஆகிவிடுமா? அது வெள்ளைக்காரக் குடியானவன் பாட்டு." அங்கே பதில் சொன்னால் திரி திசைமாறும் என்பதால் தனியாகத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கன்ட்ரி என்பது அமெரிக்கத் தெற்கில் வளர்ந்த நாட்டுப்புற வழி இசை. 2024இல் அமெரிக்கக் கறுப்பினப் பாடகி பியான்சே 'கவ்பாய் கார்ட்டர்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். செப்டம்பரில் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் விருதுப் பட்டியல் வந்தபோது அதற்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. ஐந்து மாதம் கழித்து, 2025 பிப்ரவரியில், அதே ஆல்பம் சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமியை வாங்கியது. அந்தப் பிரிவில் ஒரு கறுப்பினக் கலைஞர் ஜெயித்தது அதுதான் முதல் முறை. கூடவே ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதும்.

இப்போது என் கட்சி. கன்ட்ரி என்றதும் காதில் விழும் வாத்தியம் பாஞ்சோ என்ற கம்பி வாத்தியம். அது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களோடு வந்தது. சுரைக்குடுக்கையை வெட்டி, தோல் போர்த்தி, நீளமான கழியைச் செருகினால் அதுதான் தொடக்ககாலப் பாஞ்சோ. செனகல், காம்பியா பக்கத்து ஜோலா மக்களிடம் இன்றும் 'அகோன்டிங்' என்ற பெயரில் அதன் உறவுக்கார வாத்தியம் இருக்கிறது. பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சனே 1780களில் வர்ஜீனியாவைப் பற்றி எழுதும்போது, இந்த வாத்தியத்தை அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று குறித்திருக்கிறார்.

அப்புறம் வெள்ளைக்காரர்கள் கறுப்பர்களைக் கேலிசெய்ய முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையேறினார்கள். இதற்குப் பெயர் மின்ஸ்ட்ரெல் கூத்து. 1843இல் நியூயார்க்கில் 'வர்ஜீனியா மின்ஸ்ட்ரெல்ஸ்' என்ற குழு இந்தக் கேலிக்கூத்தை ஒரு முழுநேர நிகழ்ச்சியாக்கியது. அதிலிருந்துதான் பாஞ்சோ வெள்ளையர் வீடுகளுக்குப் போனது. 1923இல் அட்லாண்டாவில் ஃபிட்லின் ஜான் கார்சன் பதிவுசெய்த பாட்டைத்தான் கன்ட்ரியின் முதல் வெற்றித்தட்டு என்கிறார்கள். 'லிட்டில் ஓல்ட் லாக் கேபின் இன் த லேன்' என்ற அந்தப் பாட்டு, 1871இல் மின்ஸ்ட்ரெல் மேடைக்காக எழுதப்பட்டது. ஒரு வயதான முன்னாள் அடிமை புலம்புவதாக அமைந்த பாட்டு!

வீட்டுக்குக் கடைக்கால் போட்டவனை வாசலில் நிறுத்தி "நீ யாருப்பா?" என்று கேட்கிற கதைதான் இது.

பழைய ஊசி:

ரேடியோ, பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் ஒரு வாத்தியம் எங்கிருந்து வந்தது என்பதை வைத்து ஒரு இசைக்கே பட்டா எழுத முடியுமா? பிடில் இத்தாலிக்காரன் உருவாக்கியது. அதற்காகக் கென்டக்கி மலையில் வாசிக்கிற ஃபிடில் பாட்டெல்லாம் இத்தாலிச் சொத்தா?

நான் இருபது வருடமாகப் பழைய 78 சுழற்சித் தட்டுகளைக் கேட்கிறவன். அதிலும் பாலட் என்கிற கதைப்பாட்டுத்தான் எனக்கு உயிர். 1916 முதல் 1918 வரை செசில் ஷார்ப் என்ற ஆங்கிலேயர் கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில் அலைந்து பாட்டுச் சேகரித்தார். இங்கிலாந்திலேயே மறைந்துகொண்டிருந்த கதைப்பாட்டுகள் அங்கே மரக்குடிசைகளில் உயிரோடு இருந்தன. 'பார்பரா ஆலன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1666இல் லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் தன் நாட்குறிப்பில் அதைக் கேட்டு மகிழ்ந்ததாக எழுதியிருக்கிறார். இருநூற்றைம்பது வருடம் கழித்து, எழுதப் படிக்கத் தெரியாத மலைக்காரக் கிழவி அதைத் துணைவாத்தியம் ஏதுமில்லாமல் பாடுகிறாள். கன்ட்ரியின் கதைசொல்லும் குணம், ஒரு சாவை உணர்ச்சி காட்டாமல் சொல்லிவிட்டு நகர்கிற அந்த வறட்சி, எல்லாம் அங்கிருந்து வந்தவை. சர்ச்சுப் பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சதுரம், முக்கோணம் என்று வடிவங்களைச் சுரக்குறியாக வைத்துப் பாடும் 'சேக்ரட் ஹார்ப்' புத்தகம் 1844இல் வந்தது. கன்ட்ரியின் முன்னோடிப் பாட்டுக்குழுவான கார்ட்டர் குடும்பத்தின் கூட்டுக்குரலைக் கேட்டால் அந்தச் சர்ச்சு வாசனை தெரியும்.

இன்னொன்று. "வெள்ளையர் இசை" என்றதும் ஏதோ பண்ணையார் இசை போலப் பேசுகிறீர்கள். 'ஹில்பில்லி' என்பது வசைச்சொல். நகரத்து வெள்ளைக்காரன் மலைநாட்டு ஏழை வெள்ளைக்காரனைக் கேலிசெய்யச் சொன்ன சொல். 1931இல் கென்டக்கியின் ஹார்லன் நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது, தொழிற்சங்கத்தில் இருந்த கணவரைத் தேடி ஷெரீப்பின் ஆட்கள் வீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனதும், ஃப்ளோரன்ஸ் ரீஸ் என்ற பெண் காலண்டர் தாளைக் கிழித்து அதில் ஒரு பாட்டு எழுதினார்: 'விச் சைட் ஆர் யூ ஆன்?' மெட்டு, பழைய பக்திப்பாட்டு மெட்டு. இந்த மக்களிடம் இருந்த ஒரே சொத்து பாட்டு. அதையும் "உன்னுடையது இல்லை" என்று பிடுங்குவது என்ன நியாயம்?

சும்மா எட்டிப்பார்ப்பவர்:

பிடில், இத்தாலி என்று ஆரம்பித்துவிட்டீர்கள். தயவுசெய்து யாரும் இதை நம்ம ஊர் வயலினுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். போன தடவை அந்தச் சண்டை ஒரு மாதம் ஓடியது.

ஆறுகம்பி:

நான் வாசிக்கிறவன், சரித்திரம் படித்தவன் இல்லை. கைப்பழக்கத்தை வைத்துப் பேசுகிறேன்.

ஊசி அண்ணே, வாத்தியத்தை மட்டும் பார்க்காதீர்கள், வாசிக்கிற விதத்தைப் பாருங்கள். மலைநாட்டுப் பாஞ்சோவில் 'க்ளாஹேமர்' என்று ஒரு முறை. விரலை மடக்கி, நகத்தின் முதுகால் கம்பியைக் கீழ்நோக்கித் தட்ட வேண்டும். பின்னாலேயே கட்டைவிரல் மேலே இருக்கிற குட்டைக் கம்பியைச் சுண்ட வேண்டும். அந்தக் குட்டைக் கம்பிக்குச் சுரம் மாறாது, ஒரே ஒலியாக இழைந்துகொண்டே இருக்கும். அகோன்டிங் வாசிப்பவரின் கையைக் காணொளியில் பார்த்தேன். அதே தட்டு, அதே கட்டைவிரல், அதே குட்டைக் கம்பி. வாத்தியத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். கை போகிற போக்கை எதிரே உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்க முடியும். அப்படியென்றால் யாரோ ஒரு வெள்ளைக்காரன் யாரோ ஒரு கறுப்பருக்கு எதிரே, ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பல மாதம் உட்கார்ந்திருக்கிறான்.

செசில் ஷார்ப் பற்றி: அவர் ஆங்கிலப் பாட்டைத் தேடிப் போனார், ஆங்கிலப் பாட்டு கிடைத்தது. பாஞ்சோவும் பக்திப்பாட்டும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மலையில் இருந்த கறுப்பர்கள் பக்கம் அவர் காது பெரும்பாலும் திரும்பவில்லை. மீன்வலையோடு போனவன் காட்டில் மான் இல்லை என்று சொல்ல முடியாது.

ரேடியோவுக்கும் ஒன்று. எல்லாவற்றையும் கறுப்பு, வெள்ளை என்று இரண்டு பெட்டியில் அடைத்தால் மிச்சம் நிறைய வெளியே நிற்கும். கன்ட்ரியில் அழுவது போல இழுக்குமே, அந்த ஸ்டீல் கிட்டார், ஹவாயிலிருந்து வந்தது. ஜோசஃப் கெகுகு என்ற ஹவாய்ப் பையன் கம்பியின்மேல் இரும்பை வைத்து இழுத்துப் பழகியதில் தொடங்கிய வாசிப்பு. 1915இல் சான் ஃபிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க ஹவாய்ப் பித்துப் பிடித்தது. 'கன்ட்ரியின் தந்தை' என்று கொண்டாடப்படும் ஜிம்மி ராஜர்ஸே ஜோ கைப்போ என்ற ஹவாய்க்காரரைப் பக்கத்தில் வைத்துப் பதிவுசெய்திருக்கிறார். குரலை உடைத்து ஏற்றி இறக்கிப் பாடும் யோடலிங், ஆல்ப்ஸ் மலைச் சமாச்சாரம். கவ்பாயின் கயிறு, தொப்பி எல்லாம் மெக்சிகோ மாட்டுக்காரர்களிடம் வாங்கியது. பட்டா எழுதுவதானால் பங்காளிகள் ரொம்பப் பேர்.

கரிசல் காடு:

நீங்கள் மூவரும் பாட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் கடையைப் பற்றிப் பேசுகிறேன். ஏனென்றால் "கன்ட்ரி" என்று தனியாக ஒன்று பிறந்தது மலையிலும் இல்லை, பருத்திக்காட்டிலும் இல்லை. இசைத்தட்டுக் கம்பெனியின் விலைப்பட்டியலில் பிறந்தது.

ரால்ஃப் பியர் என்று ஒருவர். 1920இல் ஓக்கே கம்பெனி மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியை வைத்து 'க்ரேசி ப்ளூஸ்' பதிவுசெய்தபோது அவர் அங்கே ஊழியர். தட்டு பறந்தது. கறுப்பர்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்கு அப்போதுதான் உறைத்தது. 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனி வரிசை போட்டார்கள். மூன்று வருடம் கழித்து, ரேடியோ சொன்ன அந்த ஜான் கார்சன் தட்டைப் பதிவுசெய்ததும் இதே பியர்தான். அந்தப் பாட்டு அவர் காதுக்குச் சகிக்கவில்லை. ஆனால் விற்றது. உடனே அதற்கும் தனி வரிசை. ஒரே ஆள், இரண்டு பெட்டி!

கொலம்பியா கம்பெனியில் 14000 வரிசை கறுப்பர்களுக்கு, 15000 வரிசை தெற்கத்தி வெள்ளையர்களுக்கு. பாட்டு எப்படி இருக்கிறது என்பது கணக்கில் இல்லை, பாடுகிறவன் தோல்தான் கணக்கு. இதில் ஒரு கூத்து. சாட்டனூகாவைச் சேர்ந்த ஆலன் சகோதரர்கள் வெள்ளையர்கள், பாடியது கறுப்பர்களின் பாட்டுவகையான ப்ளூஸ். அவர்கள் தட்டு ஒன்றைக் கேட்ட கம்பெனிக்காரர்கள் கறுப்பர்கள் என்று நினைத்தோ என்னவோ 14000 வரிசையில் போட்டுவிட்டார்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் வந்ததே கோபம்! வழக்கு வரைக்கும் போய், கடைசியில் விக்டர் கம்பெனிக்கு மாறிவிட்டார்கள். கம்பெனிக்காரன் காதாலேயே கண்டுபிடிக்க முடியாத ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான் அடுத்த நூறு வருடம் ஓட்டினார்கள்.

1949இல், பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு பத்திரிகை 'ரேஸ்' என்ற தலைப்பை எடுத்துவிட்டு 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்றது. அதே நேரத்தில் வெள்ளையர் நாட்டுப்புறப் பாட்டுப் பட்டியல் 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' ஆனது. பெயர்ப்பலகை மாறியது, நடுச்சுவர் அப்படியே.

பழைய ஊசி:

ஆறுகம்பி, மீன்வலை உவமைக்கு ஒரு சபாஷ். ஷார்ப் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன்.

ஆனால் கரிசல், பழியை முழுக்க விலைப்பட்டியல்மேல் போடுவது சௌகரியமான வாதம். பியர் வருவதற்கு முன்பே அங்கே ரயில் பெட்டி தனி, பள்ளிக்கூடம் தனி, தண்ணீர்க்குழாய் தனி. கம்பெனி ஊர் வழக்கத்தைத் தட்டில் ஏற்றியது, அவ்வளவுதான்.

ரேடியோ வேண்டுமென்றே விட்ட பக்கத்தைச் சொல்கிறேன். அந்த ஊர் வழக்கத்தையும் மீறிக் கலைஞர்கள் கலந்தார்கள். 1930 ஜூலை, லாஸ் ஏஞ்சலஸ். ஜிம்மி ராஜர்ஸ் 'ப்ளூ யோடல் 9' பாடுகிறார். ட்ரம்பெட் யார்? கறுப்பின ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங். பியானோ, அவர் மனைவி லில். கன்ட்ரி நட்சத்திரம் ஹேங்க் வில்லியம்ஸுக்குச் சின்ன வயதில் கிட்டார் சொல்லிக்கொடுத்தது ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர், 'டீ டாட்' என்று கூப்பிடுவார்கள். ஹேங்க் அதை மறைத்ததே இல்லை. கன்ட்ரியின் வேகமான கிளையான ப்ளூகிராஸ் இசையை உருவாக்கிய பில் மன்றோ, தாய்மாமன் பென் வாண்டிவரிடம் ஃபிடில் கேட்டு வளர்ந்தார். கூடவே ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பின கிட்டார்க்காரரோடு நாட்டியக் கச்சேரிகளுக்கு வாசித்துப் பழகினார். இரண்டு பேரையும் வாழ்நாள் முழுக்க நன்றியோடு சொன்னார்.

கற்றுக்கொண்டான், நன்றி சொன்னான். இதில் திருட்டு எங்கே வந்தது?

மாடிவீட்டு ரேடியோ:

நன்றி சொன்னான், சரி. காசு யாருக்குப் போனது?

அந்த ஆம்ஸ்ட்ராங் தட்டையே எடுங்கள். தட்டின் ஒட்டுச்சீட்டில் ஆம்ஸ்ட்ராங் பெயரும் இல்லை, லில் பெயரும் இல்லை. 1970இல் கன்ட்ரிப் பாடகர் ஜானி கேஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஆம்ஸ்ட்ராங்கே உட்கார்ந்து அதே பாட்டை வாசித்தார். நாற்பது வருடம் கழித்து!

லெஸ்லி ரிடில் கதை கேட்டிருக்கிறீர்களா? கார்ட்டர் குடும்பத்து ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேகரிப்பார். சொல்லை எழுதிக்கொள்வார், மெட்டு நினைவில் நிற்காது. அதற்குத்தான் ரிடில். கிங்ஸ்போர்ட்டைச் சேர்ந்த கறுப்பின கிட்டார்க்காரர், சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். ஒருமுறை கேட்டால் மெட்டு அவர் தலையில் ஏறிவிடும். வெள்ளைக்காரர் நுழையத் தயங்குகிற கறுப்பர் வீடுகளுக்கும் கார்ட்டரைக் கூட்டிப்போனார். அதே குழுவில் கிட்டார் வாசித்த மேபெல் கார்ட்டர் இவர் வாசிப்பைப் பார்த்துக் கற்றதும் உண்டு. திரும்பி வந்து பதிவுசெய்த பாட்டுகளின் கீழே யார் பெயர்? ஏ.பி. கார்ட்டர். 1965இல் மைக் சீகர் என்ற நாட்டுப்புற இசைக்கலைஞர் தேடிப்போய்க் கண்டுபிடிக்கும்வரை ரிடில் என்று ஒருவர் இருந்ததே வெளியுலகத்துக்குத் தெரியாது.

பழைய ஊசி:

ரிடில் கதை எனக்கும் தொண்டையில் சிக்குவதுதான். ஆனால் ஏ.பி. கார்ட்டர் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டியின் பாட்டுக்கும் தன் பெயரைத்தான் போட்டார். அவருக்கு நிறபேதம் இல்லை என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

உண்மையான காரணம் பியருடைய தொழில். விக்டரில் சேரும்போது அவர் பெரிய சம்பளம் எதுவும் கேட்கவில்லை. பாட்டுகளின் காப்புரிமையை மட்டும் கேட்டார். பழைய பாட்டுக்குக் காப்புரிமை கிடையாது. அதனால் வருகிறவனிடமெல்லாம் "புதுப் பாட்டு கொண்டு வா" என்றார். பழைய பாட்டைத் திருத்திப் பெயர் போட்டால் புதுப் பாட்டு! 1927 ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் பிரிஸ்டல் நகரில் ஒரு காலித் தொப்பிக்கிடங்கில் கருவியை வைத்துப் பதிவுசெய்தார் இல்லையா, கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராஜர்ஸும் அறிமுகமான அந்தப் பதிவு, அங்கேயே இந்த ஏற்பாடு தொடங்கிவிட்டது.

கரிசல் காடு:

ஆக, நான் சொன்ன கடைக்கே வந்து சேர்ந்தீர்கள் :)

பிரிஸ்டலில் 19 குழுக்கள், 76 பதிவுகள். அதில் ஒரே ஒரு கறுப்பினக் கலைஞர், எல் வாட்சன். மவுத் ஆர்கன் வாசித்தார். ஜான்சன் சகோதரர்கள் என்ற வெள்ளையர் குழுவுக்கும் எலும்புத்தாளம் தட்டினார். அந்த வட்டாரத்தில் ஒரே ஒரு கறுப்பர்தான் வாத்தியம் வாசித்தாரா? அழைத்தவர்கள் யாரை அழைத்தார்களோ அவர்கள்தான் வந்தார்கள்.

ஆனால் இந்தத் திரியில் இவ்வளவு நேரம் யாரும் டிஃபோர்ட் பெய்லி பெயரைச் சொல்லவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாஷ்வில்லின் டபிள்யூஎஸ்எம் வானொலி ஒரு காப்பீட்டுக் கம்பெனி நடத்தியது. சனிக்கிழமை இரவு நாட்டுப்புற நிகழ்ச்சி. 1927 டிசம்பரில் ஒரு இரவு, நியூயார்க்கிலிருந்து வாங்கி ஒலிபரப்பிய மேற்கத்திய சாஸ்திரிய இசை நிகழ்ச்சி முடிந்ததும் இங்கே முதலில் வாசித்தவர் டிஃபோர்ட் பெய்லி. கறுப்பர். சின்ன வயதில் போலியோ வந்ததில் உயரம் ஐந்தடியைத் தொடவில்லை. வாசித்தது 'பான் அமெரிக்கன் ப்ளூஸ்'. ஒரு மவுத் ஆர்கனில் ரயில் தூரத்திலிருந்து வருகிறது, விசில் அடிக்கிறது, கடந்து போகிறது. கேட்டுப் பாருங்கள், முடிந்த பிறகும் தண்டவாளம் அதிர்கிற மாதிரியே இருக்கும். அவர் வாசித்து முடித்ததும் அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே, "இதுவரை கிராண்ட் ஓப்ரா கேட்டோம், இனி கிராண்ட் ஓல் ஓப்ரி" என்கிற மாதிரி, ஓப்ரா என்ற சொல்லைக் கொச்சையாக்கி ஒரு கிண்டல் அடித்தார். அந்தக் கிண்டல்தான் கன்ட்ரி இசையின் கோவிலான அந்த நிகழ்ச்சிக்குப் பெயராக நிலைத்தது. பெயர் வைக்கிற நேரத்தில் மேடையில் இருந்தவர் ஒரு கறுப்பர்!

1928இல் ஓப்ரியில் அவரைவிட அதிக முறை வாசித்தவர் யாருமில்லை. ராய் அக்கஃப், பில் மன்றோ எல்லாம் புதுமுகங்களாக வெளியூர் போனபோது கூட்டம் சேர்த்துக் கொடுத்தவர் இவர்தான். ஆனால் இரவு தங்க விடுதி கிடைக்காது. ஓப்ரியின் வெள்ளைக்காரப் பாஞ்சோக்காரர் அங்கிள் டேவ் மேக்கன், "இவன் என் வேலையாள்" என்று சொல்லித்தான் அறைக்குள் சேர்த்துக்கொண்டார் என்பார்கள்.

1941இல் வேலை போனது. அப்போது வானொலிகளுக்கும் பாட்டுரிமை அமைப்பான ஆஸ்காப்புக்கும் சண்டை. பெய்லியின் பழைய பாட்டுகள் பல அந்த அமைப்பின் கையில் இருந்தன, வாசிக்கக் கூடாது. புதிதாக வாசிக்கவில்லை என்று வெளியே அனுப்பினார்கள். அதோடு விட்டார்களா? நான்கு வருடம் கழித்து ஹே எழுதிய ஓப்ரி வரலாற்றில் அவரைச் சோம்பேறி என்று எழுதினார். பெய்லி நாஷ்வில்லிலேயே ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார். இறந்தது 1982. கன்ட்ரி இசையின் 'ஹால் ஆஃப் ஃபேம்' அவரைச் சேர்த்துக்கொண்டது 2005இல்.

சும்மா எட்டிப்பார்ப்பவர்:

படித்துக்கொண்டே போய் அந்த ரயில் பாட்டையும் கேட்டுவிட்டேன். யப்பா.

ஒரு அப்பாவிக் கேள்வி. பாஞ்சோ அவர்களுடையது என்றால் அவர்களே ஏன் அதைக் கைவிட்டார்கள்? என் மண்டைக்குள் இருக்கும் பாஞ்சோக்காரன் தாடி வைத்த வெள்ளைக்காரன்தான்.

ஆறுகம்பி:

நல்ல கேள்வி. ஒரே காரணம் இல்லை. கரி பூசிய கூத்தில் பாஞ்சோ ஒரு கேலிச்சின்னமாகிவிட்டது. தன்னைக் கிண்டலடிக்கப் பயன்பட்ட பொருளை எவன் பெருமையாகத் தூக்கிக்கொண்டு நடப்பான்? அஞ்சலில் மலிவாகக் கிட்டார் கிடைக்க ஆரம்பித்தது, ப்ளூஸுக்குக் கிட்டார்தான் வளைந்து கொடுக்கும். லட்சக்கணக்கானோர் வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள், அங்கே கிராமத்து நாட்டிய இசைக்கு வேலை இல்லை. கூடவே கரிசல் சொன்ன பெட்டி: கறுப்பர் என்றால் ப்ளூஸ் பாடு, ஃபிடிலும் பாஞ்சோவும் வேண்டாம்.

முழுக்கவும் விட்டுவிடவில்லை. வட கரோலினாவில் ஜோ தாம்ப்சன் என்ற ஃபிடில்காரர் குடும்ப வழியாக அதைக் காப்பாற்றி வைத்திருந்தார். 2005இல் அதே மாநிலத்தில் பூன் என்ற ஊரில் கறுப்பினப் பாஞ்சோக்காரர்களுக்கென்றே ஒரு கூடுகை நடந்தது. அங்கே சந்தித்த இளைஞர்கள் மூவர் ஜோ தாம்ப்சனிடம் போய் உட்கார்ந்து கற்றார்கள். 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' குழு பிறந்தது. அதில் ஒருவர் ரியானன் கிடன்ஸ். பியான்சேயின் 'டெக்சஸ் ஹோல்டெம்' பாட்டின் தொடக்கத்தில் டக் டக் என்று ஒரு பாஞ்சோ கேட்கிறதே, அது கிடன்ஸின் கை. எதிரே உட்கார்ந்து வாங்கிய கை.

பழைய ஊசி:

கிடன்ஸ் என்றால் எனக்கும் மரியாதை உண்டு. அவர் "இது எங்களுடையது மட்டும்" என்று பேசுகிறவர் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். கன்ட்ரி ரசிகர்கள் எல்லோரும் கதவைச் சாத்தினார்கள் என்றால் சார்லி பிரைட் எப்படி ஜெயித்தார்? மிசிசிப்பிப் பருத்திக்காட்டிலிருந்து வந்த கறுப்பர். 29 பாட்டுகள் கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம். 1971இல் அதே கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் மிகப் பெரிய விருது.

மாடிவீட்டு ரேடியோ:

அவருடைய முதல் தட்டுகளை வானொலிகளுக்கு அனுப்பியபோது கம்பெனி புகைப்படம் வைக்காமல் அனுப்பியது. குரல் பிடித்துப்போன பிறகுதான் முகம். அப்படித்தான் "எப்படி ஜெயித்தார்".

முகத்தைக் காட்டி வந்தவர் லிண்டா மார்ட்டெல். 1969இல் ஓப்ரி மேடையில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண். ஒரே ஒரு ஆல்பம், அதோடு சரி. அவரை வெளியிட்ட கம்பெனியின் பெயர் என்ன தெரியுமா? பிளான்டேஷன் ரெக்கார்ட்ஸ். அந்தப் பெயர் பொறித்த தட்டில் ஒரு கறுப்பினப் பெண் பாட வேண்டும். 2024இல் பியான்சே அவரைத் தன் ஆல்பத்தில் பேச வைத்தார்.

2019இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பினப் பாடகரின் 'ஓல்ட் டவுன் ரோட்' கன்ட்ரிப் பட்டியலில் 19ஆம் இடத்தில் ஏறியதும் பில்போர்டு அதைத் தூக்கிவிட்டது. கன்ட்ரியின் தன்மை போதவில்லையாம். பொதுப்பட்டியலில் அது 19 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது.

ஆறுகம்பி:

ஒரு விளையாட்டு. இந்தப் பழைய பதிவுகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். மூன்றின் ஒலியை மட்டும் வெட்டி, பெயரில்லாமல் எட்டிப்பார்ப்பவருக்குத் தனிமடலில் அனுப்புகிறேன். எது கறுப்பர், எது வெள்ளையர் என்று சொல்லட்டும். ஊசி அண்ணனுக்குத் தட்டெல்லாம் தெரியும், அவர் வாயைத் திறக்கக் கூடாது.

சும்மா எட்டிப்பார்ப்பவர்:

கேட்டேன். ஒன்று: தொண்டையைக் கிழித்துக்கொண்டு ப்ளூஸ், நிச்சயம் கறுப்பர். இரண்டு: மாண்டலின், சுறுசுறுப்பான ராக் டைம், வெள்ளையர் மாதிரி இருக்கிறது. மூன்று: ஃபிடில், பாஞ்சோ. இதில் சந்தேகமே இல்லை, ஊசி சார் சொன்ன மலைநாட்டு இசை, வெள்ளையர்.

ஆறுகம்பி:

ஒன்று, ஆலன் சகோதரர்கள். கரிசல் சொன்ன அதே வெள்ளைக்காரர்கள். கம்பெனிக்காரன் ஏமாந்த மாதிரியே நீங்களும். இரண்டு, டல்லஸ் ஸ்ட்ரிங் பேண்ட். கறுப்பர்கள்.

மூன்றாவது 'கிரே ஈகிள்', 1927இல் ஜென்னெட் கம்பெனிக்காகப் பதிவானது. கென்டக்கியின் பேர்பெற்ற பந்தயக்குதிரை ஒன்றின் பெயர் கொண்ட மெட்டு. பாஞ்சோ வாசித்தவர் வெள்ளையர், மேரியன் அண்டர்வுட். அந்த ஃபிடில் ஜிம் புக்கர், கறுப்பர். பாஞ்சோ வெள்ளையரிடம், பிடில் கறுப்பரிடம்!

பழைய ஊசி:

வாயைத் திறக்கலாம் இல்லையா இப்போது? 'கிரே ஈகிள்' என் வாதத்துக்கும் சாட்சி. ஸ்காட்லாந்து வில்போக்கு கொண்ட ஒரு வாசிப்பில் ஒரு கறுப்பர் என்னையே மயக்குகிற அளவுக்குக் கரைகண்டிருக்கிறார். அப்படியென்றால் அது அவர்கள் இருவருடைய இசை. "அவர்களிடமிருந்து இவர்கள் எடுத்தார்கள்" என்று ஒரே திசையில் அம்புக்குறி போடாதீர்கள் என்பதுதான் நான் முதலிலிருந்து சொல்வது.

மாடிவீட்டு ரேடியோ:

அம்புக்குறி இரண்டு பக்கமும் போகட்டும். தட்டில் என்ன பெயர் போட்டிருந்தது? 'டெய்லர்ஸ் கென்டக்கி பாய்ஸ்'. டெய்லர் வெள்ளைக்காரர். தட்டை வாங்கியவனுக்குப் புக்கர் என்று ஒருவர் உள்ளே இருந்தது எப்படித் தெரியும்?

பழைய ஊசி:

தெரியாது. அது உண்மை. நான் முதன்முதலாக அந்தத் தட்டைக் கேட்டபோது எனக்கும் தெரியாது. வெள்ளைக்காரர் வாசிப்பு என்றே பத்து வருடம் நினைத்திருந்தேன்.

பாலட் பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். ஆனால் "பிடுங்குகிறீர்கள்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

கரிசல் காடு:

கலந்தார்கள், கலந்தார்கள் என்கிறோம். கலந்தவருக்கு என்ன ஆனது என்று ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். இது கன்ட்ரி இல்லை, பக்கத்து வீடு: லூசியானா.

அமெடே ஆர்துவான். கிரியோல், அதாவது லூசியானாவின் பிரெஞ்சு பேசும் கறுப்பர். அக்கார்டியன் வாசித்து பிரெஞ்சில் பாடுவார். கூட ஃபிடில் வாசித்தவர் டென்னிஸ் மெகீ, வெள்ளைக்காரக் கேஜன், அதாவது அங்கத்திய பிரெஞ்சு பேசும் வெள்ளையர். இருவரும் ஒரே பண்ணையில் குத்தகை விவசாயிகளாக இருந்தவர்கள், 1929 டிசம்பரில் சேர்ந்து பதிவுசெய்தார்கள். இன்றைய கேஜன் இசைக்கும் கிரியோல் மக்களின் சைடிகோ இசைக்கும் அந்தத் தட்டுகள்தான் பாடப்புத்தகம். ஊசி கேட்ட மாதிரி, இரண்டு பக்க அம்புக்குறி.

ஒரு வெள்ளையர் வீட்டு நாட்டிய நிகழ்ச்சியில் வியர்த்துக் கொட்டியது. வீட்டுப் பெண் ஒருத்தி முகம் துடைக்கத் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். அதற்காக இரவு திரும்பும் வழியில் அவரை அடித்துப் போட்டார்கள் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். அதன் பிறகு புத்தி சரியாகவில்லை. 1942இல் பைன்வில் மனநல மருத்துவமனையில் இறந்தார். புதைத்த இடம் எது என்று அடையாளம் இல்லை. 2018இல் ஓபலூசஸ் நகரில் சிலை வைத்தார்கள். கையில் ஒரு எலுமிச்சம்பழம். தொண்டை கட்டாமலிருக்க எப்போதும் ஒன்று வைத்திருப்பாராம்.

சும்மா எட்டிப்பார்ப்பவர்:

எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது?

பழைய ஊசி:

'டூ ஸ்டெப் டி யூனிஸ்'. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். அக்கார்டியனுக்கு அடியில் மெகீயின் ஃபிடில் மெல்லத்தான் கேட்கும், தேடிப் பிடிக்க வேண்டும்.